பற்சொத்தைக்குத் தடுப்பூசி உண்டா?

(நமது ஜமாஅத்தின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! கண்ணியத்திற்குரிய தவளக்குப்பம் ஜமாஅத்தார்களே! அன்புத் தாய்மார்களே!

மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும்போது, அவர்களுடைய வாயைப் பார்த்தே மக்ரஜைத் திருத்துகிறோம். ஸா, தால், ளா ஆகிய எழுத்துகள் மேல் முன்பற்களின் நுனியில் நாவு பட்டுப் பிறப்பவை. ஐந்து வயதுப் பிள்ளை முன்பற்கள் கறுத்துக் கரைந்து, அவ்வெழுத்துகளுக்குத் தடுமாறுவதைக் கண்டு மனம் வருந்துகிறோம். இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தாய், "போலியோவுக்குச் சொட்டு மருந்து இருக்கிறதே ஹஜ்ரத், சொத்தைக்கு ஒரு ஊசி இல்லையா?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

இன்று வரை அப்படியொரு தடுப்பூசி புழக்கத்திற்கு வரவில்லை. ஆயினும் முயற்சி இல்லாமல் இல்லை. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். சொத்தைக்கு இக்கிருமி ஒன்று மட்டும் காரணமன்று, எனினும் முதன்மையானது. நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு பசை போன்ற பொருளை உண்டாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலமாக்கிப் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது.

1969இல் இங்கிலாந்தில் வில்லியம் போவன் குரங்குகளுக்கு இக்கிருமியைக் கொண்டு தடுப்பூசியிட்டுச் சொத்தை குறைவதைக் காட்டினார். பின்னர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் லேனர் குழுவினர் அவ்வாய்வை மேலும் வளர்த்தனர். அப்போது ஓர் ஐயம் எழுந்தது. இக்கிருமிக்கு எதிராக முயலின் உடலில் உண்டான எதிர்ப்பொருள், இதயத் தசையிலும் சென்று ஒட்டுவதாகச் சில ஆய்வுகள் கூறின. பல்லைக் காக்கப் போய் இதயத்திற்குக் கேடு வரலாமா? முழுக் கிருமியை மனிதருக்குச் செலுத்தத் தயங்கிய அறிஞர்கள், அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தும் வழிகளைத் தேடினர். 1998இல் புகையிலைச் செடியில் விளைவித்த எதிர்ப்பொருளைப் பல்லில் தடவி, நான்கு மாதங்கள் வரை கிருமி மீண்டும் குடியேறாமல் தடுத்தனர். சீனாவின் வூஹானில் மூக்கு வழியே செலுத்தும் மருந்தை எலிகளில் சோதித்துள்ளனர். ஆனால் சொத்தை உயிரைப் பறிக்கும் நோயன்று என்பதால் இவ்வாய்வுகளுக்குப் பெரும் பொருள் கிடைப்பது அரிதாகிறது. உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பாற்பற்கள் சொத்தையுற்றுள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தும் நிலைமை இதுவே.

அன்பர்களே! இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. ஐயம் எழுந்த மருந்தை அறிஞர்கள் அவசரப்பட்டுக் கொண்டுவரவில்லை. அத்தகைய சோதனைகளைக் கடந்தவையே போலியோ, தட்டம்மைத் தடுப்பு மருந்துகள். ஆகவே அவற்றைப் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் கொடுக்கத் தயங்காதீர்கள்.

சொத்தைக்கு ஊசி இல்லாவிடினும் தடுப்பு உண்டு. இக்கிருமி பெரும்பாலும் வீட்டிலுள்ளோரின் உமிழ்நீர் வழியே, பல் முளைக்கும் பருவத்தில் குழந்தையை அடைகிறது. நாம் சுவைத்த கரண்டியால் ஊட்டுவதும், சோற்றை மென்று கொடுப்பதும் அன்பினால் செய்பவையே; கிருமியும் அவ்வழியே செல்கிறது. தஹ்னீக் செய்ய எம்மையும் அழைக்கிறீர்கள். எமது கடைவாயிலும் இரண்டு சொத்தைகள் இருந்தன. அதனை அறிந்தபின், பேரீச்சம்பழத்தை மெல்லாமல், கழுவிய விரலால் மசித்துச் சிறிதளவே தடவுகிறோம். சொத்தைகளையும் அடைத்துக்கொண்டோம்.

இரவில் சர்க்கரைப் பால் புட்டியோடு குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். மிட்டாயும் இனிப்புத் தேநீரும் அடிக்கடி வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவு புளோரைடு பற்பசை போதும். உம்மத்திற்குச் சிரமமாகும் என்று கருதியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பார்கள் என்பது நாமறிந்த ஹதீஸ். பெரியவர்கள் இதைப் பேணினால், பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள்.

கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. நமக்குத் தெற்கே, கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்திலும் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. வலி வரும்வரை காத்திராமல், முதற்பல் முளைத்தபின் ஒரு வயதுக்குள் பிள்ளையைக் காட்டிவிடுங்கள்.

நம் பிள்ளைகள் கலாமுல்லாஹ்வைத் தெளிவான நாவாலும், உறுதியான பற்களாலும் ஓத, வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.