பெட்டி பெருத்தது, சாவி யாரிடம்?

பட்டிமண்டபத் தலைப்பு: மின்னஞ்சல் பெட்டி பெருகப் பெருக நம் அந்தரங்கம் வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா?
இடம்: புன்னக்காயல். ‘தேய்ந்திருக்கிறது’ அணியின் நிறைவுப் பேச்சு.

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, வாங்கிய கைதட்டலின் மயக்கம் இன்னும் தெளியாமல் எதிரே உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, விடியக் கருக்கலில் கடலுக்குப் போக வேண்டிய வேலை இருந்தும் இந்த மணலில் வந்து உட்கார்ந்திருக்கிற புன்னக்காயல் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போயிட்டாங்க. “அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வீட்டுக்காரர் எழுதின கடுதாசியைத் தபால்காரர்தானே வாசலில் நின்று வாசித்துக் காட்டினார்? ‘அன்புள்ள’ என்று அவர் எழுதியதைத் தபால்காரர் வாயால்தானே கேட்டீர்கள்? இதுவா அந்தரங்கம்?” என்று கேட்டாங்க. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். (சிரிப்பு)

நியாயமான கேள்விதான். ஆனால் வாசித்து முடித்த பிறகு தபால்காரர் என்ன செய்தார்? அதைத் தங்கச்சி சொல்லவில்லை. கடுதாசியை அந்த அம்மா கையில் கொடுத்தார். சைக்கிளில் ஏறினார். போய்விட்டார். நகல் எடுத்துக்கொண்டு போகவில்லை. “அம்மா, உங்க வீட்டுக்காரர் சேலை வாங்கி அனுப்புறேன்னு எழுதியிருக்கார், அதனால இந்தாங்க ஜவுளிக்கடை நோட்டீசு” என்று மறுநாள் வந்து நிற்கவில்லை! (கைதட்டல்) அவர் வாசித்தது பிடிக்கவில்லையென்றால், அடுத்த கடுதாசியை எட்டாங்கிளாஸ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தார்கள். யார் வாசிப்பது என்பது அந்த அம்மா முடிவு. கடிதம் டிரங்குப் பெட்டியில். சாவி முந்தானையில்.

நான் தமிழ் வாத்தியார். எதைச் சொன்னாலும் இலக்கியத்துக்குப் போய்விட்டுத்தான் வருவேன். நம்முடைய புலவர்கள் தூது என்று ஒரு இலக்கிய வகையே படைத்தார்கள். யாரையெல்லாம் தூது விட்டார்கள்? அன்னத்தை விட்டார்கள், மேகத்தை விட்டார்கள், வண்டை விட்டார்கள், தென்றலை விட்டார்கள். எல்லாம் சேதியைச் சேர்த்துவிட்டுக் கலைந்து போகிறவை. மேகம் பெய்து முடித்தால் இல்லை. தென்றல் வீசி முடித்தால் இல்லை. கிளி ஒன்றுதான் கொஞ்சம் ஆபத்து.

நடுவர்: கேட்டதை அப்படியே நாலு பேர் முன்னாடி திருப்பிச் சொல்லிடும்!

அதேதான் ஐயா. இன்றைக்கு நாம் வைத்திருப்பது கிளி மாதிரித் தூது. அதுவும் கேட்டதை மறக்கவே மறக்காத கிளி! (சிரிப்பு, கைதட்டல்)

இந்த ஊருக்கும் கடிதத்துக்கும் பழைய உறவு உண்டு. அண்டிரிக்கு அடிகளார் என்று நாம் அழைக்கிற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், போர்ச்சுக்கல்லிலிருந்து வந்தவர், 1547லிருந்து இந்த முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து 1600ல் கண் மூடியவர். 1578ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்த நூல். அவர் இந்தக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதுவார். கப்பல் கிளம்புவது வருஷத்துக்கு ஒரு பருவம். கப்பல் கவிழ்ந்துவிட்டால்? அதனால் அந்தச் சபையார் ஒரே கடிதத்தைப் பல படிகள் எழுதி வேறு வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். அவை ரோமாபுரியில் சேர்ந்தன. அங்கே பத்திரமாகக் காத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் காலத்துக் கடிதங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நானும் படிக்கலாம், நீங்களும் படிக்கலாம்.

எனக்கு அது லாபம். ஆராய்ச்சிக்காரனுக்குப் பழைய கடிதம் புதையல். ஆனால் எழுதியவரைக் கேட்டோமா? படி எடுத்தது கப்பலுக்குப் பயந்து. அந்தப் படிகளைச் சேர்த்து வைத்ததுதான் 400 வருஷம் கழித்து ஊர் படிக்கக் காரணமாயிற்று. பாதுகாப்புக்காகச் சேமித்ததே அந்தரங்கத்தைக் கரைத்துவிட்டது. என் அணி சொல்வது இதுதான் ஐயா. நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உங்கள் ஊரிலேயே நடந்த கதை.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி, வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1998 கடைசியில்தான் தனியாரும் இணைப்பு தர வந்தார்கள். அப்போது இணைப்பு வாங்கினால் கூடவே ஒரு மின்னஞ்சல் பெட்டி. சின்னப் பெட்டி! நாலு படம் வந்தால் நிரம்பிவிடும். நிரம்பினால் அடுத்த கடிதம் வாசலோடு திரும்பிப் போய்விடும். அதனால் நாம் என்ன செய்தோம்? தொலைபேசியில் ‘கீய்ங்… கர்ர்…’ என்று சத்தம் வரும் வரை காத்திருந்து இணைப்பைப் பிடிப்போம். கடிதங்களை நம் கம்ப்யூட்டருக்கு இறக்குவோம். இறக்கின மறுநிமிஷம் அவர்கள் பெட்டி காலி. கடிதம் நம் வீட்டில்.

அது அவர்கள் நம் மேல் வைத்த மரியாதையினால் அல்ல. இடம் விலை அதிகம், அவ்வளவுதான். அந்த ஏழ்மை நமக்குச் செய்த உபகாரம் இருக்கிறதே, அதை அன்றைக்கு நாம் உணரவில்லை.

அமெரிக்காவில் 1986ல் ஒரு சட்டம் போட்டார்கள். நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் 180 நாளுக்கு மேல் கிடக்கிற கடிதத்தை நீதிபதியின் பிடி ஆணை மாதிரி உத்தரவு இல்லாமலேயே அரசாங்கம் கேட்டு வாங்கலாம் என்று. ஏன் 180 நாள்? ஆறு மாசமாக ஒருவன் எடுக்காமல் விட்டிருந்தால், அது அவன் வேண்டாமென்று விட்டது என்கிற நினைப்பு! அவ்வளவு நாள் யாரும் சேமித்து வைப்பார்கள் என்று அன்றைக்குக் கற்பனையே செய்யவில்லை. பிற்பாடு 2010ல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லாது, வாரண்டு வேண்டும் என்று சொன்னது. அதற்குள் 24 வருஷம்.

அப்புறம் வந்தது 2004 ஏப்ரல் 1. கூகுள்காரர்கள் ஜிமெயிலை அறிவித்தார்கள். ஹாட்மெயில் 2 மெகாபைட், யாஹூ 4 மெகாபைட் கொடுத்துக்கொண்டிருந்த காலம். இவர்கள் 1 ஜிகாபைட் என்றார்கள்! ஆயிரம் மெகாபைட்! ஏப்ரல் முட்டாள் தினத்து வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். வேடிக்கை இல்லை. “இனி எதையும் அழிக்க வேண்டாம்” என்று சொன்னார்கள். நமக்கு எவ்வளவு சந்தோஷம்! சும்மா கொடுக்கிறானே, ஏன் கொடுக்கிறான் என்று கேட்டோமா? கடிதத்தில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டியது. விளம்பரத்துக்காகப் படிப்பதை நிறுத்துகிறோம் என்று அவர்கள் அறிவித்தது 2017ல். 13 வருஷம் படித்த பிறகு! (கைதட்டல்)

“மனுஷன் படிக்கலையே, மெஷின்தானே படிச்சுது?” என்று எதிரணித் தம்பி சொன்னார். தம்பி, வாசலில் நின்று வாசித்த தபால்காரருக்கு ஒரு முகம் இருந்தது. துக்கச் செய்தி என்றால் அவர் குரல் தழுதழுத்தது. சில வரிகளை விழுங்கிவிட்டு வாசித்தவரும் உண்டு. மெஷினுக்கு ஏது தம்பி அந்தக் கூச்சம்?

என் அனுபவம் ஒன்று. நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த காலம். என் நெறியாளர் வெளியூரில். திருத்தங்களையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்புவார். நடுவில் சில வரிகள் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதவை. தன் உடம்பைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. பாதியை நான் பிளாப்பியில் இறக்கினேன். மீதியை, ‘இருக்கட்டுமே, பிறகு பார்ப்போம்’ என்று பெட்டியிலேயே விட்டேன். ஒரு வருஷம் இணைப்பைப் புதுப்பிக்கத் தாமதமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் பெட்டியே இல்லை. கேட்டதற்கு, “கணக்கு முடிஞ்சுது சார், ரூல் அப்படித்தான்” என்றார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அதற்குள் நெறியாளரும் காலமாகிவிட்டார். கேட்டு வாங்கவும் ஆள் இல்லை. பிளாப்பியில் இறக்கினது என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், பூஞ்சை பிடித்துப் போயிற்று! (சிரிப்பு) ஆனால் அது என் வீட்டுப் பூஞ்சை. என் தப்பு. இது வேறு.

நடுவர்: ஐயா, சட்டம் இருக்குன்னு எதிரணி சொன்னாங்களே, அதுக்குப் பதில்?

வருகிறேன் ஐயா. 1898ஆம் வருஷத்துத் தபால் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது. பொது அமைதி என்று காரணம் சொல்லி அரசாங்கம் கடிதத்தைப் பிரிக்கலாம் என்று அதிலேயே உண்டு. ஒப்புக்கொள்கிறேன். அதை இன்னும் அகலமாக்க 1986ல் ஒரு மசோதா வந்தது. நாடாளுமன்றத்தின் இரண்டு அவையிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேசையிலேயே வைத்துக்கொண்டார்! 1987ல் பதவி முடிந்து போய்விட்டார். அடுத்து வந்தவர் நம்முடைய ஆர்.வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். அவர் 1990ல் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த மசோதா சட்டமாகவே இல்லை. கடுதாசிக்காக இரண்டு குடியரசுத் தலைவர்கள் தயங்கியிருக்கிறார்கள். (கைதட்டல்)

மின்னஞ்சலுக்கு யார் தயங்கினார்கள்? 1998ல் தனியார் நிறுவனங்களுக்கு இணைய உரிமம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை. கடிதத்துக்குப் போடுகிற பூட்டு, அதாவது மறையெழுத்துச் சாவி, 40 பிட்டுக்கு மேல் போகக் கூடாது. போக வேண்டுமானால் அனுமதி வாங்கி, சாவியின் நகலை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். 40 பிட் என்றால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடிச் சாவிகள். அம்மாடி என்று தோன்றுகிறது அல்லவா? அதற்கு முந்தின வருஷமே, 1997 ஜனவரியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கல்லூரிக் கம்ப்யூட்டர்களை இணைத்து அத்தனை நீளப் பூட்டை மூன்றரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டிவிட்டார். உடைந்த பூட்டென்று தெரிந்த பிறகுதான் நமக்கு அதைக் கொடுத்தார்கள்!

எங்கள் அணிக்குப் பாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய தபால் சட்டத்தில், கடிதத்தைக் கள்ளத்தனமாகப் பிரிக்கிற ஊழியருக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று ஒரு பிரிவு இருந்தது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய தபால் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அரசாங்கம் இடைமறிக்கலாம் என்கிற பிரிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. மின்னஞ்சலைப் பார்த்துத் தபாலும் கெட்டுப்போனது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2017ல் உச்சநீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது. 2023ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதற்கு விதிகள், அதையும் தவணை முறையில் அமலாக்குகிறார்கள். அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அதில் உண்டு. நல்லது. அழித்தார்களா என்று எட்டிப் பார்க்க நமக்கு வழி?

“நம்ம ஊர்க்காரர் ஜோஹோ இருக்கே” என்றார் எதிரணித் தலைவர். எனக்கும் பெருமைதான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு அஞ்சல் பெட்டி செய்கிறார்கள். மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல் 2025ல் அதற்கு மாறியது. விளம்பரம் காட்டுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அந்தப் பக்கத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, கடைசியில் இங்கே உங்கள் காலடியில்தான் கடலில் விழுகிறது. உறவு விட்டுப் போகாது. ஆனாலும் அண்ணாச்சி, சொந்தக்காரர் வீட்டில் வைத்தாலும் பெட்டி அவர் வீட்டில்தானே இருக்கிறது? சாவி அவர் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது?

கடைசியாக வெள்ளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. “டிரங்குப் பெட்டிக் கடுதாசியெல்லாம் கூழாப் போச்சே, மின்னஞ்சல் நனையுமா?” என்று கேட்டார்கள். நனையாது. அதை நான் மறுக்கவே முடியாது.

ஆனால் இன்று சாயந்தரம் மேடைக்கு வருமுன் ஒரு பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு, கப்பலில் வேலை பார்த்த வீட்டுக்காரர் எழுதின கடுதாசிகளை மெத்தையில் பரப்பிக் காயப்போட்டாங்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கல் பாரம். எல்லாவற்றையும் எழுத்து இருக்கிற பக்கம் கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்துப் போட்டாங்களாம். “ஏம்மா, வெயில் எழுத்துப் பக்கம் பட்டால்தானே சீக்கிரம் காயும்?” என்று கேட்டேன்.

“எய்யா, பக்கத்து மெத்தையில ஆள் நிப்பாங்கல்ல” என்றாங்க.

அப்படி என்னம்மா எழுதியிருந்தார் என்று கேட்க வாய் வந்தது ஐயா. கேட்கவில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார். வணக்கம். (கைதட்டல்)