எண்ணெயின் பிணைப்பும் இரும்பின் பூட்டும்



தாழ்தளப் பேருந்துகள் சிலவற்றில் ஓட்டுநரின் இடது காலுக்கு வேலையில்லாமல் இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அங்கே கிளச்சு மிதி இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் பாரம் சுமக்கும் பெரிய டம்பர் லாரிகளிலும் பெரும்பாலும் அவ்வாறே.

கிளச்சின் வேலையை அவற்றில் எண்ணெய் செய்கிறது. எதிரெதிரே வைத்த இரு விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால், அது தள்ளும் காற்று மற்றதையும் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஓர் உறைக்குள் அடைத்தால், அதுவே டார்க் கன்வர்ட்டரின் அடிப்படை. எஞ்சினோடு சுழல்வது பம்ப். கியர்ப்பெட்டியைச் சுழற்றுவது டர்பைன். இடையே உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயைப் பம்பின் சுழற்சித் திசையிலேயே திருப்பிவிடுகிறது. அதனால் வண்டி புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றது லாரிக்காக அன்று; கப்பலுக்காக.

ஆயின் இதில் ஒரு குறை உண்டு. ஓட்டம் சீரான பின்னும் டர்பைன் சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்த நழுவல் வெப்பமாகிறது, டீசல் வீணாகிறது. இதனைத் தீர்க்க வந்ததே ‘லாக்கப்’ கிளச்சு. அச்சொல்லைக் காவல் நிலையத்தோடு மட்டுமே சேர்த்து அறிந்திருந்த நாம், மொழிபெயர்ப்பில் அதைப் ‘பூட்டு’ என்றே எழுதினோம். தக்க வேகம் வந்ததும் எண்ணெய் அழுத்தம், டர்பைனோடு இணைந்த உராய்வுத் தட்டினை, எஞ்சினோடு சுழலும் உறையில் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றாய்ச் சுழல்கின்றன, நழுவல் ஒழிகிறது. கியர் மாறும்போது பல வண்டிகளில் பூட்டுத் திறந்து, அந்த அதிர்ச்சியை எண்ணெய் தாங்கிக்கொள்கிறது. வேகம் மிகக் குறைந்தாலும் அது திறந்தாக வேண்டும். இல்லையேல் எஞ்சின் நின்றுவிடும்.

இது எரிபொருளை மட்டும் பொறுத்ததன்று, உயிரையும் பொறுத்தது. பாரத்தோடு மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறி வலுவிழக்கும். அங்கே எஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பூட்டு விழுந்திருந்தால்தான் அந்தப் பிடி நழுவாமல் சக்கரத்தைச் சேரும். ஆகவே சரிவு தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியரைத் தேர்வது தேர்ந்த ஓட்டுநரின் வழக்கம். அக்கியரில் எஞ்சின் விரைந்து சுழலும். பூட்டும் விழுந்து நிற்கும்.

புறப்படும்போது நெகிழ்வும், ஓடும்போது உறுதியும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் வேளையை அறிவதே இப்பொறியின் சிறப்பு.