சிரிப்பையும் சேமித்து வையுங்கள்



'தொடக்ககால நகைச்சுவைப் படங்கள்' என்று இந்தக் கொடைக்கானல் கூட்டத்தில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 'சபாபதி'. வெளிவந்தது 1941 டிசம்பரில். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த மாதம் அது! அடுத்த சில மாதங்களில் ஜப்பான்காரனுக்குப் பயந்து சென்னை மக்கள் மூட்டை கட்டினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இந்தப் படத்தை இயக்கி, தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார்.

மூலக்கதை பம்மல் சம்பந்த முதலியாருடைய நாடகம். அவர் வக்கீல், பிறகு நீதிபதி. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிப் படித்தவர்களை மேடையேற்றியவர்.

அவருடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி! பரீட்சையில் தேறாத பணக்காரப் பிள்ளையாக, கண்ணை உருட்டி உருட்டி விழிக்கிறார் டி.ஆர். ராமச்சந்திரன். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கும் வேலைக்காரர் காளி என். ரத்னம். பெயர் ஒன்றாகிவிட்டது, அறிவிலும் ஒருவருக்கொருவர் இளைத்தவரில்லை. அப்படியானால் இருவருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் வித்தியாசம் என்ன? சொத்து! சொத்து மட்டும்தான்! இதைப் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் பணக்காரர்கள் கோபப்பட்டிருப்பார்கள். சிரிப்பாகச் சொன்னதால் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தார்கள்.

'சபாபதி'யை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. ஆனால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்' எங்கே? 1931-இல் வந்த பேசும்படமான 'காளிதாஸ்' எங்கே? படச்சுருள் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் தப்பியது. அந்தக் காலத்து ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தீயில் போனது போக, அதிலிருக்கும் வெள்ளிக்காக ஆசைப்பட்டு அழித்தவையும் உண்டு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் ரேமண்ட் லாங்ஃபோர்டு என்றொரு இயக்குநர். சி.ஜே. டென்னிஸ் எழுதிய கவிதைக் கதையை வைத்து 1919-இல் 'தி சென்டிமென்டல் புளோக்' எடுத்தார். தெருச் சண்டியன் ஒருவன் காதலித்துத் திருந்தும் கதை. ஜனங்கள் கொண்டாடினார்கள். அப்புறம்? அந்த மனிதர் கடைசிக் காலத்தில் சிட்னி துறைமுகத்தில் இரவுக் காவல் வேலை பார்த்து, 1959-இல் காலமானார். படத்தின் நல்ல பிரதி 1973-இல் அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. கலைஞனை மறந்துபோன நாட்டுக்கு, யாரோ பத்திரப்படுத்திய பெட்டி அவனைத் திருப்பிக் கொடுத்தது.

பத்திரப்படுத்துவது எப்படி என்று கொடைக்கானலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஊர் வான் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துக் கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் காத்து வைத்திருக்கிறது. அவற்றை டிஜிட்டலாக்கி, உலக விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். நாளைக் காலையும் வரப்போகிற சூரியனுக்கே இத்தனை பதிவு! போனால் வராத கலைஞர்களுக்கு நாம் என்ன செய்தோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் இருக்கலாம், பட நோட்டீஸ் இருக்கலாம், டூரிங் டாக்கீஸ் புகைப்படம் இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். படச்சுருளே கிடைத்தால், புனேயில் 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இந்த வாரம் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'சபாபதி'யைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால்தான் இந்தப் படத்துக்கு அடுத்த தலைமுறையில் காவலர்கள் கிடைப்பார்கள்.