பூலாவும் வெள்ளாடும்

சித்தூர், திருப்பதி மாவட்டக் கரடுகளில் வெள்ளைப்பூலா என்ற முட்புதர் உண்டு. சின்ன இலை, பால்வெள்ளைப் பழம். ஆனால் எல்லாச் செடியும் பழுக்காது. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பழுப்பது பெண் செடி மட்டுமே.

பூக்கும்போது இலைக்கணுவைப் பார்த்தால் தெரியும். ஆண் பூக்கள் கொத்தாக நெருங்கியிருக்கும். பெண் பூக்கள் ஒன்றிரண்டுதான்.

பூ உதிர்ந்ததும் ஆண் செடிக்கு வேலை முடிந்தது. பெண் செடிக்கு அப்போதுதான் செலவு தொடங்குகிறது. பழம் முற்றும்வரை அதற்குச் சத்து ஊட்ட வேண்டும்.

ஆடு இரண்டையும்தான் கடிக்கிறது. இப்படி ஆண், பெண் எனப் பிரிந்த பலவகைச் செடிகளில், இலை தின்னும் உயிர்கள் ஆண் செடியையே சற்று அதிகம் நாடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆண் செடி வேகமாகத் தழைக்கும். பெண் செடி பெரும்பாலும் இலையில் துவர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான்! விதிவிலக்குகளும் நிறைய.

ஆண் செடி மொட்டையானால் மகரந்தம் குறையும். பெண் செடி மொட்டையானால், இருக்கும் சத்து தளிருக்கே போகும், பழம் குறையும். பழம் குறைந்தால் கொண்டைக்குருவிக்குத் தீனியும் குறையும். விதையை அடுத்த கரட்டுக்குக் கொண்டுபோவது அந்தக் குருவி போன்ற பறவைகள்தான்.