கடையில ஓடுது, வீட்டுல ஓடல

டெஸ்க்டாப் பிரச்சினைன்னு எனக்கு வர்ற வாய்ஸ் நோட்கள்ல பாதி, "ப்ரோ, மதர்போர்டு போயிடுச்சா?"ன்னுதான் முடியும். எனக்கு முதல்ல தெரிய வேண்டியது அது இல்லை. பிரச்சினை எப்போ வருது, எங்க வருது?

ஒரு உதாரணம். வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடுது, ஆனா எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டினா மட்டும். மவுஸ் மேல தப்பில்லை. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல், மவுஸ் பேசுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். 2012-ல இன்டெல்லே இதைப் பற்றி ஒரு அறிக்கை போட்டது. டாங்கிளை முன்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாத்துங்க, போதும். இன்னொண்ணு இதைவிட வேடிக்கை: கேஸ் லிஃப்ட் நாற்காலியில இருந்து எழுந்தா மானிட்டர் ஒரு நொடி கருப்பாகும். நாற்காலியில உண்டாகும் மின்காந்தத் துடிப்பை வீடியோ கேபிள் பிடிச்சுக்குது. பேய் இல்லீங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நண்பனோட அக்கா, வேளச்சேரியில வாடகை வீடு, ஆன்லைன்ல கணக்கு ட்யூஷன் எடுக்கிறாங்க. மைக்ல எப்பவும் "ங்ங்ங்"னு ஒரு சத்தம். யூஎஸ்பி வெப்கேம் நடுவுல துண்டிச்சுப் போகும். கடையில எஸ்எம்பிஎஸ் மாத்தினாங்க, சரியாகல. அடுத்து மதர்போர்டுன்னு ஒரு பெரிய தொகை சொன்னாங்க. அக்கா போன்ல சொன்ன ஒரு வரிதான் எனக்குப் பொறி தட்டுச்சு: "கடைக்குக் கொண்டு போனா நல்லா ஓடுதுடா, வீட்டுக்கு வந்தாத்தான் ஆரம்பிக்குது."

அப்போ கம்ப்யூட்டரை விட்டுட்டு வீட்டைப் பார்க்கணும். "கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குதாக்கா?"ன்னு கேட்டேன். "ஆமா, பையன் கூட சொன்னான். வெறுங்காலோட தொட்டா"ன்னாங்க.

அதாவது எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ள வர்ற இடத்துல ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல ஃபேஸ்ல இருந்து ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் கேபினெட்டோட உலோக உடம்புல சேரும். எர்த் இருந்தா அங்க வர்ற கசிவு மண்ணுக்குப் போயிடும். இல்லைன்னா கேபினெட் ரெண்டுக்கும் நடுவுல, சுமார் 115 வோல்ட்ல மிதக்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவு, அதனாலதான் சுர்ருன்னு மட்டும் இருக்கு. ஆனா மைக், வெப்கேம் எல்லாம் அந்த ஆட்டத்தைச் சேர்ந்து ஆடும். எஸ்எம்பிஎஸ் உள்ள நிஜமாவே ஒரு ஷார்ட் ஆச்சுன்னா, அன்னைக்கு சுர்ரோட நிக்காது.

மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போனேன். ஃபேஸ்-நியூட்ரல் 230. ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே வரணும். அங்க முள்ளில்லாத தராசு மாதிரி எண் அலைஞ்சது. மெயினை அணைச்சுட்டு எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டைத் திறந்தார். மூணு ஓட்டை, ரெண்டு வயர்!

அவர் சொன்ன முதல் தீர்வைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு: "நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு துண்டு போட்டுடலாம் தம்பி." பல வீட்டுல இதுதான் நடக்குது. மீட்டர் சரின்னு காட்டும். ஆனா வழியில நியூட்ரல் அறுந்தா கேபினெட்ல முழு 230 வோல்ட் நிக்கும். அயர்ன் பாக்ஸ் மாதிரி பெரிய லோடு ஓடும்போதும் நியூட்ரல்-எர்த் அசையாம பூஜ்யம் காட்டினா, உங்க வீட்டுலயும் இந்தத் துண்டு இருக்கலாம். நீங்களே சாக்கெட்டைக் கழட்டாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க.

ஹவுஸ் ஓனர் "இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே"ன்னார். பையன் சொன்ன சுர்ரைச் சொன்னதும் பேச்சு நின்னுடுச்சு. மீட்டர் போர்டுல இருந்து தனி எர்த் வயர் இழுத்தாங்க, அரை நாள் வேலை. மைக் சத்தம் போச்சு, மதர்போர்டு பழசேதான் ஓடுது. பழைய எஸ்எம்பிஎஸ்-ஸும் நல்லாத்தான் இருக்கு, அக்கா திருப்பி வாங்கிட்டு வந்துட்டாங்க.

அடுத்த எபிசோட்ல ரேம். பார்ப்போம்.