சக்கர நாற்காலியில் ஒரு புலி



"கஷ்டம் வந்தால் அதற்கும் நன்றி சொல்லுங்கள்" என்று மேடையில் சொல்வது சுலபம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் போய் அதையே சொல்லிப் பாருங்கள். கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. பிறகு எதற்குத்தான் நன்றி சொல்வது? பினாங்கில், ஜார்ஜ்டவுனின் ஒரு பகுதியான ஜெலுத்தோங்கில் இதற்கு ஒரு விடை இருக்கிறது.

ஜெலுத்தோங் என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். கீறினால் பால் வடியும் மரம். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய அந்தப் பால் கப்பலேறியது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பட்டையை மட்டும் அளவாகச் சீவினால் மரம் தாங்கும், பட்டை மறுபடி வளரும். கத்தி கட்டைவரை இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். எல்லாக் காயமும் மரத்தை வளர்ப்பதில்லை. மனிதனுக்கும் அப்படித்தான். அடிபட்டவன் எல்லாம் பலசாலி ஆகிவிடுவதில்லை. அடிபட்ட பிறகு எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெலுத்தோங் புலி என்றால் மலேசியாவில் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பால் சிங். 1940-ல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். தந்தை பஞ்சாபிலிருந்து வந்து காவலாளி வேலை பார்த்தவர். மகன் வழக்கறிஞரானார். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். புலி என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? நாடாளுமன்றத்தில் சாமிவேலுவோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில்தான். அவர் சிங்கமாகவே இருக்கட்டும், தாம் புலியாக இருந்துகொள்வதாகச் சொன்னாராம். மலேசியக் காட்டில் சிங்கமே கிடையாதே!

இந்தப் புலியைக் கூண்டில் அடைத்தார்கள். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் இவரும் ஒருவர். விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்கும் இசா சட்டம். தைப்பிங் பக்கத்தில் கமுந்திங் முகாம். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியே வந்த சில மணி நேரத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. 1989 ஜனவரியில்தான் விடுதலை. மறு ஆண்டுத் தேர்தலில் அதே ஜெலுத்தோங்கில் நின்று ஜெயித்தார்.

அவர் இசா சட்டத்துக்கு நன்றி சொன்னாரா? இல்லை. அதை எதிர்த்துக்கொண்டே இருந்தார். 2012-ல் அந்தச் சட்டம் ரத்தானபோது அவர் நாடாளுமன்றத்தில் இருந்தார். அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு அதற்கு நன்றி சொல்வது பெருந்தன்மை ஆகாது.

அடுத்த அடி இதைவிடப் பெரியது. 2005 ஜனவரியில் அவர் வீட்டருகே, அவர் இருந்த டாக்சியைப் பின்னாலிருந்து வந்த கார் மோதியது. அப்போது வயது 64. நடை போயிற்று. வலக்கையும் முன்போல் இயங்கவில்லை. அதுவரை எழுந்து நின்று கர்ஜித்தவர் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

போனதை எண்ணியிருந்தால் பட்டியல் நீளமாக இருந்திருக்கும். மிச்சம் இருந்தது என்ன? குரல் இருந்தது. படித்த சட்டம் இருந்தது. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதுதான் முறை. அவர் உட்கார்ந்தபடியே வாதாடினார். புக்கிட் குளுகோர் தொகுதியில் 2008-லும் 2013-லும் நாற்காலியில் இருந்தபடியே பிரசாரம் செய்து வென்றார். அன்வார் இப்ராஹிமின் இரண்டாவது வழக்கில் தற்காப்பு வழக்கறிஞர்களுக்குத் தலைமை தாங்கினார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவரைக் காரில் ஏற்ற, இறக்க, நாற்காலியைத் தள்ள, காகிதத்தைப் புரட்ட யாராவது கூடவே இருக்க வேண்டும். மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், உதவியாளர் இருந்தார். 2014 ஏப்ரல் 17-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், ஒரு வழக்குக்காகப் பினாங்கு நோக்கி வந்தபோது, கம்பார் அருகே நெடுஞ்சாலையில் கார் லாரியோடு மோதியது. 73 வயதில் கர்ப்பால் மறைந்தார். அந்த உதவியாளரும் அவரோடு உயிர்விட்டார். ஒரு மனிதனின் பலம் என்று நாம் கைதட்டுவதில் இப்படிப்பட்ட கைகளின் பலமும் கலந்திருக்கிறது. நன்றி அங்கேதான் போய்ச் சேர வேண்டும். தூக்கிவிட்டவர்களுக்கு, எழுந்து வேலையைப் பார்ப்பதைவிடப் பெரிய நன்றி வேறென்ன?

அந்த வேலையின் பலனை அவர் முழுதாகப் பார்க்கவும் இல்லை. தூக்குக் கயிற்றின் கீழ் நின்ற எத்தனையோ பேருக்காக வாதாடியவர் அவர். கட்டாய மரண தண்டனையை மலேசியா நீக்கியது 2023-ல். அவர் போய் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இன்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது முடங்கிக் கிடக்கலாம். அவரிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோங்கள். பக்கத்தில் உட்காருங்கள். என்ன மிச்சம் இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். முடங்கிக் கிடப்பது நீங்களே என்றால், கஞ்சி கொண்டுவந்த கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்திருப்பதற்கு முதல் பிடி அதுதான்.