மழையைத் துடைக்கும் வெற்றிடம்

பழைய அமெரிக்க மோட்டார் கார்கள் பலவற்றில் முன்கண்ணாடியைத் துடைத்தது மின்விசையன்று, வெற்றிடமே. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அங்கிருந்து ஒரு ரப்பர்க் குழல் துடைப்பானின் பெட்டிக்குச் செல்லும். உள்ளிருக்கும் தகட்டை வெளிக்காற்று இருபுறமும் மாறி மாறித் தள்ள, துடைப்பான் அசையும். ஓட்டுநர் முன்னுள்ள குமிழ் அவ்வழியைத் திறந்து மூடும்.

மேட்டில் ஏற முடுக்கியை அழுத்தினால் உறிஞ்சல் தளரும், துடைப்பானும் நிற்கும். பெருமழையில் வழி மறைந்தால் உயிருக்கே ஆபத்தன்றோ? ஆயினும் 1970களின் தொடக்கம் வரை சில கார்களில் இம்முறை நீடித்தது.

இத்தகைய காரைப் பழுதுபார்ப்பவர் எடுத்த எடுப்பில் பெட்டியைப் பிரித்தல் கூடாது. எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பெட்டியருகே குழலைக் கழற்றி, அதன் முனையை விரலால் மூடுக. விரலை இழுக்காவிடில் குழலில் வெடிப்போ அடைப்போ இருக்கலாம். நன்கு இழுத்தால், குமிழின் கம்பியையும் திறப்பானையும் சோதித்து, அதன் பின்னரே பெட்டியைத் திறந்து, தகட்டின் விளிம்பு உலர்ந்து தேய்ந்துள்ளதா எனக் காண்க.

எல்லாம் சீரான பின்னும் ஏற்றத்தில் துடைப்பான் தளரும். அது பழுதன்று, அதன் இயல்பு. முடுக்கியினின்று காலைச் சற்றே தளர்த்துக. கண்ணாடி தெளியும், வழியும் தெரியும்.